‘பாத்துக்கொள்ளுவம்’ என்று அவர் சொன்ன அன்று

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. தலை இன்னும் வரவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்க நிற்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் சிங்களத்தில் கதைத்தால், நான் மனதுக்குள் அதைத் தமிழாக்கி, பிறகு ஆங்கிலமாக்கி, அவர்கள் போன பின்பும் கடைசி வாக்கியத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பேன். கடைக்காரர் இரண்டு தரம் கூப்பிடுவார். தொலைக்காட்சிச் செய்தியை இருந்து பார்க்க முடியாது. வீட்டுக்குள் நடந்தபடிதான் கேட்பேன். என் கணவர் சொல்வார்: “இருமன் ஒரு இடத்தில. ஆரும் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லை.”

நான் ஒரு அமைச்சில் உரைபெயர்ப்பாளராக இருந்தவள். அமைச்சின் பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது ஒருவர் பேசுவதை மற்றவருக்கு அவருடைய மொழியில் சொல்வது என் தொழில். போன மாதம் அந்தப் பிரிவில் இப்போது இருக்கும் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். அயல்நாட்டுடன் நடக்கும் மீனவர் பேச்சுவார்த்தைகளில் இனி ஆங்கிலம் மட்டும்தானாம். மீனவர்கள் மேசைக்கு வரமாட்டார்களாம். அவர்களுடைய கருத்தை முன்கூட்டியே, வேறொரு இடத்தில், யாரோ கேட்டு வைத்துக்கொள்வார்களாம். “உங்கட காலத்தில அவையள் மேசையில இருந்தவையாமே, மிஸ்? எப்பிடி இருந்தது?” என்று கேட்டார்கள். தேநீரை ஊற்றிக்கொடுத்து வேறு கதைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். எங்கள் ஒழுங்கையில் விளையாடியே சிங்களம் வந்தது. ஆங்கிலத்தைக் கன்னியாஸ்திரிகள் தலையில் ஏற்றினார்கள். தமிழ் வீட்டில் இருந்தது. அமைச்சில் சேர்ந்து பல வருடங்கள் காகிதங்களைத்தான் மொழிபெயர்த்தேன். ஒருநாள் கூட்டத்துக்குப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று என்னைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் இருத்தினார்கள். பயிற்சி என்று சொல்லக்கூடியது அதற்குப் பிறகுதான் நடந்தது. அதைத் தந்தவர் ரணவீர.

ரணவீர எங்கள் பிரிவின் தலைவர். வெயில் எரிக்கும் நாளிலும் நீளக்கை வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். மத்தியானம் மேசையில் பழைய பத்திரிகையை விரித்துச் சோற்றுப் பொதியைப் பிரித்து, சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பத்திரிகையை வாசிப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு கூட்டம் முடிந்து வந்ததும், சிங்களத்தில், “மிஸ், தேநீர் ஒன்று குடிப்போமா?” என்பார். அது பாராட்டா, கண்டனமா என்று தேநீர் பாதியாகும்வரை யாருக்கும் தெரியாது. பிரிவில் எல்லாரும் அந்தத் தேநீருக்குப் பயந்தோம்.

அவருடைய விதிகள் எளிமையானவை. உரைபெயர்ப்பாளர் மேசையில் இருக்கக்கூடாது, மேசைக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் சாப்பாடு வைத்தால் தொடக்கூடாது, வாய் நிறைந்திருக்கும்போதுதான் முக்கியமான வசனம் வரும். பேசுபவர் கத்தினால் நாங்கள் கத்தக்கூடாது, ஆனால் அவர் கத்தினார் என்பது கேட்பவருக்குத் தெரியாமலும் போகக்கூடாது. குறிப்பெடுத்த தாள்களை அறையை விட்டு வெளியேறுமுன் அவர் முன்னிலையில் கிழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது ‘நான்’. அமைச்சர் “நான் வருந்துகிறேன்” என்றால் நாங்களும் “நான் வருந்துகிறேன்” என்றுதான் சொல்ல வேண்டும். “அமைச்சர் வருந்துவதாகச் சொல்கிறார்” என்று சொன்னால் தேநீர் நிச்சயம். ஒரு நிமிடம் நான் பெரிய நாடு. அடுத்த நிமிடம் நான் சின்ன நாடு. இரண்டுக்கும் ஒரே வாய்.

பெரிய நாடு என்று நான் சொல்வது இந்தியாவை. எங்கள் பிரிவில் அந்தப் பெயரை அதிகம் சொல்ல மாட்டோம், ‘அயல்’ என்போம். “வியாழக்கிழமை அயல் வருகிறார்கள்” என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

நான் புதிதாக இருந்தபோது அங்கிருந்து ஒரு பிரமுகர் வந்தார். தலையில் ஒரு நரை இல்லை. எங்கள் பக்கத்தில் இருந்த அமைச்சர் முழுக்க நரைத்தவர், சிங்களத்தில் மட்டும் பேசுபவர். விருந்தாளி நல்ல மனதோடுதான், நம் இரு நாடுகளும் அண்ணனும் தம்பியும் போல என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிங்களத்தில் அண்ணன் அய்யா, தம்பி மல்லி. நான் அப்படியே சொன்னேன். நரைத்த தலை மெல்ல நிமிர்ந்தது. அந்த இளைஞர் இவருக்கு அய்யா, இவர் மல்லி.

அமைச்சர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: “மல்லியும் கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று அய்யாவுக்குச் சொல்லுங்கள்.”

சொன்னேன். விருந்தாளி உரக்கச் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினார். பிறகு இருவரும் தேயிலை பற்றிப் பேசினார்கள்.

அன்று தேநீர் வந்தது.

“இரண்டு பேரும் சொன்னது இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்ததா?” என்று ரணவீர கேட்டார்.

“ஓம் சேர்.”

“சிரிப்பு நின்ற இடம் கேட்டதா?”

“கேட்டது சேர்.”

“அப்படியென்றால் அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.”

அந்த நாற்காலியில் இருந்து நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய நாட்டவர்கள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி யோசிப்பார்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களவர்கள் யோசித்து முடித்த பிறகே வாயைத் திறப்பார்கள். இதை நான் குணவேறுபாடு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு எங்களைவிடச் சின்னத் தீவு நாடொன்றின் குழு கொழும்புக்கு வந்தது. அன்று எங்களவர்கள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, கூரையைப் பார்த்து, அவசரமில்லாமல், ஆறுதலாக யோசித்தார்கள். அந்தத் தீவுக்காரர்கள் கதிரை நுனியில் இருந்து காத்திருந்தார்கள்.

இனி அந்த நாள்.

பெற்றோலுக்கு மக்கள் தெருத்தெருவாக வரிசையில் நின்ற காலம். நாட்டில் டொலர் இல்லை. மருந்து, எரிவாயு, எரிபொருள் எல்லாவற்றுக்கும் அயலைத்தான் பார்த்திருந்தோம். அந்த நேரத்தில்தான் மீனவர் பேச்சுவார்த்தை வந்தது. எங்கள் கடலில் மீன்பிடித்ததாக அங்கிருந்து வந்தவர்கள் பலர் இங்கே பிடிபட்டுச் சிறையில், மறியலில் இருந்தார்கள். அவர்களுடைய இழுவைப் படகுகள், அந்த றோலர்கள், தங்கள் வாழ்வை அழித்துவிட்டன என்று எங்கள் வடக்கு மீனவர்கள் நீதி கேட்டார்கள். முதன்முறையாக இரு பக்கத்து மீனவர்களையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலிமுகப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். என்னோடு மாறி மாறிச் செய்ய வேண்டியவருக்கு வாகனத்துக்கு எண்ணெய் இல்லாததால் வரமுடியவில்லை. நான் தனியே இருந்தேன்.

அயலின் குழுத் தலைவி அவர்களுடைய வடநாட்டைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி. அமைதியானவர், தமிழ் தெரியாது. எங்கள் பக்கத்தில் தலைமை வகித்தவர் மேலதிகச் செயலாளர். அவருக்கும் தமிழ் தெரியாது. இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். பக்கத்துக்கு ஒருவராக வந்திருந்த மீனவர் இருவருக்கும் தமிழ் மட்டும்தான். அதாவது மேசையின் குறுக்கே எதிரெதிராக இருந்த இரண்டு மீனவர்களுக்கு நான் தேவையில்லை. அவர்களைக் கூட்டிவந்த இரண்டு அரசுகளுக்கும்தான் நான் தேவை.

அங்கிருந்து வந்தவர் காளிமுத்து, இராமநாதபுரத்துக் கரை. “எங்க புள்ளைக உள்ள கெடக்குதுக, சார். என் மருமவனும் அதுல ஒரு ஆளு. அவன் கூலிக்குப் போனவன். போட்டு மொதலாளி கரையில பத்திரமா இருக்காரு” என்றார்.

எங்கள் பக்கத்தவர் மரியதாஸ். யாழ்ப்பாணக் கரையோரத்துக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், அறுபதை நெருங்கியவர். “அவையின்ர றோலர் ஒருக்கா வந்து போனால் கடலை வழிச்சுத் துடைச்ச மாதிரி. போன மாரிக்கு என்ர தம்பியின்ர வள்ளத்தை இடிச்சுப்போட்டுப் போட்டினம். விடியுமட்டும் தண்ணிக்குள்ள கிடந்தவன். இண்டைக்கும் கடல் பக்கம் வாறானில்லை.”

காளிமுத்து அவரைப் பார்த்து நேரே சொன்னார்: “வயித்துக்குத்தாண்ணே வாறோம்.”

“எங்களுக்கும் அது இருக்குத்தானே, தம்பி.”

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன் அவர்கள் இன்னும் இரண்டு வசனம் போய்விட்டார்கள். அதிகாரிகளின் கண்கள் அவர்களிடமிருந்து என்னிடமும் என்னிடமிருந்து அவர்களிடமும் ஓடின. ரணவீர எனக்குப் பின்னால் சுவரோரம் இருந்தார். அவருக்கு அப்போது ஓய்வு வயது கடந்திருந்தது, ஒப்பந்தத்தில்தான் வைத்திருந்தார்கள்.

குழுத் தலைவி பேனாவை வைத்துவிட்டு மரியதாஸிடம் ஒரு கேள்வி கேட்டார். இங்கே இருப்பவர்களை விடுவித்து, அடுத்த பருவத்தில் மறுபடியும் படகுகள் எல்லை தாண்டினால் உங்கள் மக்கள் என்ன செய்வார்கள்? நான் தமிழில் சொன்னேன்.

மரியதாஸ் யோசிக்கவில்லை. “இனியும் வந்தினமெண்டால் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்.”

எனக்கு வாய் திறந்தது. சொல் வரவில்லை.

தமிழில் எதை, யாரை என்று சொல்லாமலே அந்த வாக்கியம் முடிந்துவிடும். ஆங்கிலம் அதற்கு விடாது, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘அந்தப் பிரச்சினையைப் பார்த்துக்கொள்வோம்’ என்றால் அது ஒரு பொறுப்பான மனிதரின் உறுதிமொழி. ‘அவர்களைப் பார்த்துக்கொள்வோம்’ என்றால் அது மிரட்டல். முதலாவதைச் சொன்னால் காளிமுத்துவின் மருமகன் அடுத்த கிழமையே வீட்டுக்குப் போகக்கூடும். இரண்டாவதைச் சொன்னால் அயல் எழும்பிப் போகக்கூடும். அவரது முகத்தைப் பார்த்தேன். முகத்திலும் இரண்டும் இருந்தன.

இப்படியான நேரத்துக்கு ஒரு முறை உண்டு. உரைபெயர்ப்பாளர் ‘நான்’ என்பதைக் கைவிடுவது அந்த ஓர் இடத்தில்தான். “உரைபெயர்ப்பாளர் பேசியவரிடம் ஒரு விளக்கம் கேட்க அனுமதி கோருகிறார்” என்று தலைமைக்குச் சொல்ல வேண்டும். அத்தனை வருடத்தில் நான் அதைச் சொன்னது அரிது. சொன்னேன். மேலதிகச் செயலாளர் விருப்பமில்லாமல் தலையசைத்தார்.

“ஐயா, எதைப் பாத்துக்கொள்ளுவீங்கள்? வாற ஆக்களையா, இந்தப் பிரச்சினையையா?”

மரியதாஸ் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த காளிமுத்துவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தார். அன்றைக்கு அந்த மேசையில் எங்கள் பக்கத்தில் ஆறுதலாக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

“ரெண்டையும்தான், தங்கச்சி.”

இரண்டையும்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆட்களையும், பிரச்சினையையும்.

யாரும் எழும்பிப் போகவில்லை. தலைவி ஏதோ குறித்துக்கொண்டார். காளிமுத்து குனிந்து மேசைத் துணியைப் பார்த்தார். மேலதிகச் செயலாளர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

நடைக்கூடத்தில் அவர் என்னையும் ரணவீரவையும் ஓரமாக அழைத்தார். சிங்களத்தில் பேசினார், கோபமாக இல்லை. களைத்துப்போன மனிதராக இருந்தார். “அந்த மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். இடைவேளைக்குப் பிறகு நீங்கள் திருத்திச் சொல்லுங்கள். ‘இப்படியான சம்பவங்களை எமது மீனவர்கள் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருவார்கள்.’ அதுதான் அவர் சொன்னது.”

“அவர் அதைச் சொல்லவில்லை, சேர்” என்றேன்.

“தெரியும் மிஸ். எனக்கு அவர் பக்கம் நியாயம் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? எண்ணெய்க் கப்பல் ஒன்று வரவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மருந்து வரவேண்டியிருக்கிறது. அங்கிருந்து ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை. அதுதான் அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம்.”

ரணவீர சட்டைக் கையின் பொத்தானைச் சரிசெய்தார். “சேர், தேநீர் ஒன்று குடிப்போமா?” என்றார்.

மேலதிகச் செயலாளருக்கு அதன் அர்த்தம் தெரியாது. கோப்பையை வாங்கினார். அது பாதியானதும் ரணவீர சொன்னார்: “அவருக்கு மேலாக நீங்கள் பேசலாம், சேர். அரசாங்கத்தின் நிலைப்பாடு இதுதான் என்று சொல்லலாம். அது உங்கள் அதிகாரம். அவர் பேசியதாக நீங்கள் பேச முடியாது. இந்த மிஸ்ஸின் வாயால் அது நடக்காது.”

“இவரை மாற்றினால்?”

“மாற்றலாம். ஏன் மாற்றினோம் என்று அயல் கேட்பார்கள். அவர்களுக்கு விளங்காமல் இருக்காது.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, என்னால் நிற்க முடியவில்லை. நடைக்கூடத்தின் முடிவுவரை போய்த் திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். கண்ணாடிக்கு அப்பால் கடலோரத்தில் மரியதாஸும் காளிமுத்துவும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் சுருட்டுக்கு மற்றவர் நெருப்புப் பிடித்தார். பிறகு காளிமுத்து உள்ளங்கையை விரித்துக் காட்ட, மரியதாஸ் அதில் விரலால் கோடு போட்டு ஏதோ விளக்கினார். கடைசியில் இருவரும் தொலைபேசியை எடுத்து இலக்கம் பரிமாறிக்கொண்டார்கள்.

கூட்டம் மறுபடியும் தொடங்கியது. மேலதிகச் செயலாளர் ரணவீர சொன்ன வழியில்தான் போனார். ஆங்கிலத்தில், தெளிவாக, அரசாங்கத்தின் சார்பில் பேசினார். அதை மீனவர்களுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். ‘நான்’ என்று சொல்ல வேண்டும்.

“மரியதாஸ் அவர்கள் முன்பு கூறிய வார்த்தைகளை நான் ஏற்கவில்லை. அவை எங்களுடைய வார்த்தைகள் அல்ல. நான் அயல்நாட்டின் நட்பை மதிக்கிறேன்.”

விதிப்படி பேசினேன். குரல் உயரவில்லை, தாழவுமில்லை. மரியதாஸ் அதைச் சொன்ன அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த நாற்காலியில் எத்தனையோ பேருடைய ‘நான்’ ஆக இருந்திருக்கிறேன். ஒருவரும் அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு காளிமுத்து கையை உயர்த்தினார். “அண்ணன் காலையில சொன்னது எங்களுக்கு வெளங்கிருச்சுங்க. அவரு எடத்துல நின்னா நாங்களும் அதத்தான் சொல்லுவோம். நாங்க ரெண்டு பேரும் வெளிய ஒண்ணு பேசியிருக்கோம்.”

கடலோரத்தில் இருவரும் பேசி முடித்திருந்தது இதுதான். கரையோர மக்கள் வலை போடும் நாட்களில் அந்தக் கரையின் இழுவைப் படகுகள் குறிப்பிட்ட ஆழத்துக்கு இப்பால் வராது. எஞ்சின் பழுதாகியோ நீரோட்டத்திலோ யாராவது தவறி வந்தால், கடற்படைக்குக் கொடுக்காமல் இவர்களே எல்லைவரை கட்டியிழுத்து விடுவார்கள். அங்கேயும் அப்படியே. இரண்டு சங்கங்களும் ஒன்றுக்கொன்று பொறுப்பு.

நான் அதைச் சொல்லி முடித்தபோது, அந்த நாளில் முதன்முறையாக இரண்டு அதிகாரிகளும் ஒரே முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது இந்தப் பேச்சுவார்த்தையின் வரம்புக்குள் வராது என்றார் தலைவி. ஆம், வராது என்றார் எங்கள் மேலதிகச் செயலாளர். காலையிலிருந்து இரண்டு நாடுகளும் தயங்காமல் உடன்பட்டது அந்த ஒன்றில்தான். அறிக்கையில் அது வரவில்லை. நல்லெண்ணம், புரிந்துணர்வு, தொடர்ந்து பேசுதல் எல்லாம் வந்தன.

அன்று மாலையும் தேநீர் வந்தது. அது பாதியானதும் ரணவீர, “‘நான் ஏற்கவில்லை’ என்று சொன்னபோது உங்களுக்கு எங்கே வலித்தது?” என்று கேட்டார். தொண்டையில் என்றேன். “எனக்கும் அங்கேதான்” என்றார். அந்த வருட முடிவில் அவருடைய ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. அவர் மாத்தறைப் பக்கம் மகளோடு போய்விட்டார். என்னை அதன் பிறகு மீனவர் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்க்கும் மேசை ஒன்று காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறியலில் இருந்தவர்களைச் சில வாரங்களின் பின் விடுவித்தார்கள். அங்கிருந்து ஒரு பெரியவரின் வருகைக்கு முன்னால் காட்டிய நல்லெண்ணம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அடுத்த வருடம், நான் ஓய்வு பெற்ற பின், கொட்டாஞ்சேனைத் தேவாலயத் திருவிழாவில் மரியதாஸைத் தற்செயலாகக் கண்டேன். தன் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் என்னோடு பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவராகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, நாங்கள் பேசினதை ஒரு பருவம் முழுக்கக் காப்பாத்தினனாங்கள். அவையும்தான். பிறகு அங்க வேற கரையிலயிருந்து றோலர் வந்திட்டுது. காளிமுத்து என்ன செய்யிறது?”

என் இலக்கத்தைக் கொடுத்தேன். பதவியில் இருந்திருந்தால் கொடுத்திருக்க முடியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை அந்த இலக்கத்துக்கு அவருடைய மகள் அழைத்தாள். “அன்ரி, அப்பான்ர வள்ளம் எஞ்சின் பழுதாகி அந்தப் பக்கம் இழுபட்டுப் போச்சு. அங்க பிடிச்சு மறியலில வச்சிருக்கினம். ஆரோட கதைக்கிறதெண்டு தெரியேல்லை.”

அமைச்சுக்குப் போனேன். அடையாள அட்டையைக் கொடுத்து, விருந்தினர் அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நான் முப்பது வருடம் நடந்த நடைக்கூடத்தில் காத்திருப்போர் வாங்கில் இருந்தேன். இருக்கவில்லை, நடந்தேன். ஒரு இளம் உத்தியோகத்தர் மரியாதையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார். உரிய வழிகளில் எடுத்துச் சொல்வோம் என்றார். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ முறை மூன்று மொழிகளிலும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அடுத்த வாக்கியம் வராது என்று எனக்குத் தெரியும். மறுகிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமையும்.

காளிமுத்துதான் முதலில் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தவர். மகள் அவருடைய குரல்பதிவை எனக்கு அனுப்பினாள். “அம்மாடி, அப்பாவப் பாத்துட்டேன். நல்லாருக்காரு. சாரம், சோப்பு எல்லாம் கொடுத்துருக்கேன். சாப்பாடு பிடிக்கலங்குறாரு, அவ்வளவுதான். வாரா வாரம் போயிட்டு வாறேன், நீ அழுவாத.” காளிமுத்துவின் ஊர் ஆட்கள் சிலர், அந்த ஊர்க்காரனுக்கு ஏன் செய்கிறாய் என்று சண்டை பிடித்தார்களாம். அதை அவர் சொல்லவில்லை. பிறகு அவருடைய மருமகன் சொல்லித்தான் மரியதாஸின் மகளுக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் போனது. இந்தக் கட்டுரையைத் தொடங்கி, பாதியில் எழும்பி எழும்பி நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் அவரை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள். வள்ளம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போனேன். முன்னறையில் உறவினர் நிறைந்திருந்தார்கள். மரியதாஸ் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, மீன் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் தந்தார்.

நான் அவரிடம் கேட்க நினைத்திருந்தது வேறு. அன்று மேசையில் அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் வாயில் வந்தது என் தொழில்தான்.

“அண்ணை, அங்க நீதிமன்றத்தில உங்களுக்காகக் கதைக்க ஆரும் இருந்தவையா?”

“வக்கீலைக் காளிமுத்து பிடிச்சுத் தந்தவன். ஆனால் உன்னை மாதிரி ஒரு ஆள் தேவைப்படேல்லை, தங்கச்சி. நீதவானும் தமிழ், பொலிசும் தமிழ், கதவடியில நிண்டவனும் தமிழ். நானே எழும்பிச் சொன்னனான். எஞ்சின் நிண்டது, காத்து இழுத்தது, தண்ணி முடிஞ்சது, எல்லாம். ஒரு சொல் விடாமல் எல்லாருக்கும் விளங்கினது. நீதவான் தலையாட்டி ஆட்டிக் கேட்டவர்.”

“விளங்கி?”

மரியதாஸ் விரலை நக்கிவிட்டு, மகள் நீட்டிய தண்ணீரை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

“விளங்கி, வழக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப் போட்டவர்.”

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரியான சொல் கிடைத்தால் காரியம் நடந்துவிடும் என்று நம்பித்தான் நான் அத்தனை வருடமும் அந்த நாற்காலியில் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். வள்ளத்தை எப்படி எடுப்பது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அமைச்சுக்குத் தானும் வருவதாக மரியதாஸ் சொன்னார். வாங்கோ, ஆனால் அங்கே நீங்கள்தான் கதைக்க வேண்டும் என்றேன்.